கண் நன்றாகத் தெரிகிறதா? அப்போதே போய்க் காட்டு, தங்கச்சி!

கிளாக்கோமா பற்றிச் சாயர்புரம் அக்காவின் டிப்ஸ்

நம்ம சாயர்புரம் பக்கம் கண்ணைப் பற்றிப் பேச்செடுத்தால் மூன்று விஷயம்தான் வரும். நாற்பது தாண்டினால் வெள்ளெழுத்து. அறுபது தாண்டினால் புரை. உப்பளத்துக்கும் கடலுக்கும் போகிறவர்களுக்குக் கண்ணில் சதை வளர்ச்சி. இந்த மூன்றும் வந்தால் வந்தவருக்கே தெரிந்துவிடும். எழுத்து மங்கும், வெளிச்சம் கூசும், கண் உறுத்தும். நாலாவதாக ஒன்று இருக்கிறது, அது வந்தது பெரும்பாலும் வந்தவருக்கே தெரியாது. அதுதான் கிளாக்கோமா. கண் நீர் அழுத்த நோய் என்றும் சொல்வார்கள்.

இது எங்கேயோ பட்டணத்து வியாதி என்று நினைத்துவிடாதே. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 5150 பேரின் கண்ணைப் பரிசோதித்து, 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். 100 பேருக்கு 2.6 பேர் கணக்கில் ஏதோ ஒரு வகைக் கிளாக்கோமா இருந்தது. அதில் அதிகம் காணப்பட்டது, கண்ணுக்குள் நீர் வடிகிற மூலை திறந்தே இருக்கிற திறந்த கோண வகை. அந்த வகைக்காரர்களில் 93 சதவீதம் பேருக்கு, டாக்டர் சொல்லும்வரை தங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஐந்தில் ஒருவருக்கு ஒரு கண்ணிலாவது பார்வை ஏற்கெனவே போயிருந்தது.

பட்டணமும் ஒன்றும் உசத்தி இல்லை. சென்னை நகரத்தில் சங்கர நேத்ராலயா குழு எடுத்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், கிளாக்கோமா என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்களே 13.5 சதவீதம்தான். அது என்னவென்று ஓரளவாவது தெரிந்தவர்கள் 8.7 சதவீதம். ஆகவே இதுவரை உனக்குத் தெரியாமல் இருந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இனிமேல் தெரிந்துகொண்டு, வீட்டில் நாலு பேருக்குச் சொல்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது?

கண்ணுக்குள்ளே ஒரு தெளிந்த நீர் எந்நேரமும் சுரந்துகொண்டே இருக்கும். அழும்போது வருகிற கண்ணீர் வேறு, இது வேறு. கருவிழிக்குப் பின்னால் ஓடி, ஓரத்தில் இருக்கும் சல்லடை போன்ற திசு வழியாக இது வடிந்துவிடும். வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டே இருக்க, குளத்து மடை அடைத்துக்கொண்டால் கரைக்கு என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். வடிகிற வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் கண்ணின் பின்பக்கம் மூளைக்குப் போகும் பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும்.

நரம்பு அரிபடும்போது பெரும்பாலும் முதலில் போவது பக்கத்துப் பார்வை. நடுப் பார்வை கடைசிவரை நிற்கும். அதனால்தான் வேதபுத்தகத்தின் பொடி எழுத்தையும் வாசிக்கிற ஆச்சிக்கு, பக்கவாட்டில் வருகிற சைக்கிள் தெரியாமல் போகிறது. ஒரு கண்ணில் விட்டதை மறு கண் ஈடுகட்டும், மீதியை மூளை இட்டு நிரப்பிவிடும். பெரும்பாலும் வலி இல்லை, சிவப்பு இல்லை, மங்கல் இல்லை. போன நரம்பு போனதுதான், அதை மீட்க இன்றைக்கு உலகத்தில் எந்த வைத்தியமும் இல்லை. மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற மட்டும் நல்ல வைத்தியம் இருக்கிறது. அதனால் எல்லாமே எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம் என்பதில் இருக்கிறது.

டிப்ஸ் 1: வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் கடையில் வாங்காதே

ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை, ரேஷன் கார்டு எழுத்து தெரியவில்லை என்றதும் நாம் என்ன செய்கிறோம்? பஜாரில் தொங்குகிற ரெடிமேட் கண்ணாடியில் இரண்டு மூன்றைப் போட்டுப் பார்த்து, தெரிகிற ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். துட்டும் கம்மி, வேலையும் முடிந்தது. ஆனால் கண் டாக்டர் முன்னால் உட்காருவதற்கு வாழ்க்கையில் தானாக வந்த ஒரு நல்ல சந்தர்ப்பத்தை அங்கேதான் தொலைக்கிறோம்.

வெள்ளெழுத்து எல்லாருக்கும் நாற்பதை ஒட்டித்தான் வரும். கிளாக்கோமாவுக்குக் கண்ணைப் பார்க்கத் தொடங்க வேண்டிய வயதும் அதே நாற்பதுதான். எனவே முதல் கண்ணாடியைக் கண் மருத்துவமனையில் எழுதி வாங்கு. "கண்ணாடிக்கு மட்டும் பாருங்க" என்று சொல்லாதே. "கண் முழுசும் பாருங்க, அழுத்தமும் நரம்பும் சேர்த்துப் பாருங்க" என்று சொல். அடுத்த கண்ணாடிகளை எங்கே வேண்டுமானாலும் செய்துகொள், பவர் எழுதின சீட்டு மட்டும் டாக்டரிடமிருந்து வரட்டும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? தொந்தரவு ஏதும் இல்லாதவர்கள் நாற்பதுக்கு மேல் இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. அறுபதுக்கு மேலும், சர்க்கரை இருந்தாலும், குடும்பத்தில் கிளாக்கோமா இருந்தாலும் வருஷம் ஒருமுறை. டாக்டர் வேறு கெடு சொன்னால் அந்தக் கெடுதான் கணக்கு.

டிப்ஸ் 2: சுவர் எழுத்தை வாசித்ததும் எழுந்து வந்துவிடாதே

சுவரில் மாட்டின அட்டையில் கடைசி வரிவரை வாசித்துவிட்டால் கண் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. அந்த அட்டை நடுப் பார்வையை மட்டும்தான் அளக்கும். கிளாக்கோமா முற்றிய பலர் அதைத் தடங்கல் இல்லாமல் வாசிப்பார்கள். இந்த நாலு பரிசோதனையின் பெயரையும் நினைவில் வை:

- கண் அழுத்தம்: கண்ணில் "புஸ்" என்று காற்று அடித்துப் பார்ப்பது ஒரு வகை. மரத்துப்போகும் சொட்டு விட்டு, நீல வெளிச்சத்தில் மெதுவாகத் தொட்டுப் பார்ப்பது இன்னொரு வகை. இரண்டும் வலிக்காது. 10 முதல் 21 வரை சாதாரண அளவு என்பார்கள்.
- நரம்புப் பரிசோதனை: சொட்டு விட்டுக் கண் பாப்பாவை விரித்து, பின்னால் உள்ள நரம்பு குழிந்திருக்கிறதா என்று பார்ப்பது. இதைத் தவறவிடவே கூடாது. ஏனென்றால் அழுத்தம் 21-க்குள் இருந்தும் நரம்பு கெடுகிற ஆட்கள் நம் நாட்டில் நிறைய உண்டு.
- கோணப் பரிசோதனை: நீர் வடிகிற மூலை திறந்திருக்கிறதா, நெருங்கியிருக்கிறதா என்று சின்னக் கண்ணாடி லென்ஸ் வைத்துப் பார்ப்பது.
- பீல்டு டெஸ்ட்: பக்கத்துப் பார்வையை அளப்பது. சந்தேகம் இருந்தால் மட்டும் எழுதுவார்கள். கூடவே நரம்பைப் படம் எடுக்கிற ஓ.சி.டி. ஸ்கேனும் எழுதலாம்.

இலவச முகாமில் பார்த்தாச்சு என்று நிம்மதியாக இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முகாமில் பெரும்பாலும் புரைக்குத்தான் முதலிடம். முகாமுக்குப் போவது நல்லது, தாராளமாகப் போகட்டும். அங்கே அழுத்தம் பார்த்தார்களா, நரம்பு பார்த்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள். பார்க்கவில்லை என்றால் அந்தப் பரிசோதனை இன்னும் பாக்கி.

இன்னொரு குழப்பம் வேறு உண்டு. வீட்டுக்கு வருகிற நர்ஸம்மா கையில் பட்டை கட்டிப் பார்ப்பது ரத்த அழுத்தம். அது சரியாக இருந்தால் கண் அழுத்தமும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

டிப்ஸ் 3: பரிசோதனைக்குப் போகிற நாளில்

வெள்ளெனக் கிளம்பு, பாதி நாள் ஆகிவிடும் என்று வைத்துக்கொள். பட்டினி கிடக்க வேண்டாம், சாப்பிட்டுவிட்டே போகலாம். பழைய கண்ணாடி, பழைய சீட்டு, சாப்பிடுகிற எல்லா மாத்திரை, வீசிங்குக்கு உறிஞ்சுகிற பம்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போ.

சொட்டு விட்டால் சில மணி நேரம் கிட்டத்தில் உள்ளது மங்கும், வெயில் கூசும். அதனால் பைக்கை நீ ஓட்டிக்கொண்டு போகாதே. துணைக்கு ஒருத்தரைக் கூட்டிக்கொள், அல்லது பஸ்ஸில் போ. கறுப்புக் கண்ணாடியோ குடையோ கையில் இருக்கட்டும். அன்றைக்குத் தையலையும் கணக்கு நோட்டையும் தள்ளி வை.

பீல்டு டெஸ்ட்டுக்கு நம் ஆட்கள் பரீட்சைக்குப் பயப்படுகிற மாதிரி பயப்படுகிறார்கள். நடுவில் உள்ள புள்ளியையே பார்த்துக்கொண்டு, எங்கேயாவது வெளிச்சம் மின்னினால் பட்டனை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். நல்ல கண்ணுக்கும் பல வெளிச்சம் தெரியாது, அந்த மெஷினே அப்படித்தான் மங்கலாகக் காட்டிச் சோதிக்கும். அசதியாக இருந்தால் சொல்லு, நிறுத்தி விடுவார்கள். முதல் தடவை சரியாக வராவிட்டால் இன்னொரு நாள் எடுப்பார்கள்.

எங்கே போவது? தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. அரவிந்த் மருத்துவமனை தூத்துக்குடியிலும் உண்டு, திருநெல்வேலியிலும் உண்டு. அந்த அரவிந்தை 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய டாக்டர் கோ.வெங்கடசாமி நம்ம தூத்துக்குடி மாவட்டத்துக்காரர், எட்டயபுரம் பக்கம் வடமலாபுரம் அவர் பிறந்த ஊர். நமக்குத் தூரம் ஒரு சாக்கே இல்லை.

டிப்ஸ் 4: குடும்பத்தில் யாருக்கு இருந்தது என்று கேட்டு வை

இந்த நோய் ரத்த வழியில் வரும். நெதர்லாந்தில் ரோட்டர்டாம் நகரத்தில் நடத்தி 1998-ல் வெளியிட்ட ஆய்வில், கிளாக்கோமா உள்ளவர்களின் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வாழ்நாளில் அது வருகிற வாய்ப்பு 22 சதவீதம் என்று கண்டார்கள். மற்றக் குடும்பங்களில் அது 2.3 சதவீதம்தான்.

ஆகவே அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருப்பது தெரிந்தால் அக்கா, தங்கச்சி, அண்ணன், தம்பி எல்லாரும் போய்க் காட்ட வேண்டும். கலியாண வீட்டிலும் துட்டி வீட்டிலும் எல்லாரும் கூடுகிறோமே, அப்போது பெரியம்மா, அத்தையிடம் கேள்: "தாத்தாவுக்குக் கடைசியில கண்ணு தெரியாமப் போச்சே, அது புரையா, வேற ஏதுமா? சொட்டு மருந்து ஏதும் விட்டாங்களா?" கேட்டதை எழுதி வை.

பொண்ணுக்குச் சம்பந்தம் தட்டிப்போகும் என்று வீட்டுக்குள்ளேயே இதை மூடி வைக்கிறவர்கள் உண்டு. ஊருக்குச் சொல்ல வேண்டாம், டாக்டரிடமும் கூடப்பிறந்தவர்களிடமும் சொல்லித்தான் ஆக வேண்டும். மூடி வைத்தால் பாதிக்கப்படுவது தம்பியின் கண்ணும் தங்கச்சியின் கண்ணும்தான்.

குழந்தைக்கும் இது வரும் என்பது பலருக்குத் தெரியாது. பிறவியிலேயே வருகிற வகை ஒன்று இருக்கிறது. அத்தை மகன், மாமன் மகள் என்று நெருங்கிய சொந்தத்துக்குள் கட்டிக்கொள்கிற குடும்பங்களில் அதன் வாய்ப்புக் கூடுகிறது. பிள்ளைக்குக் கண் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும், கருவிழி மங்கலாக இருக்கும், எந்நேரமும் தண்ணீர் வடியும், வெளிச்சத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "எம்புட்டுப் பெரிய கண்ணு, லட்சணம்" என்று கொஞ்சிக்கொண்டு இருந்துவிடாதே. அந்த வாரமே கண் டாக்டரிடம் காட்டு. இதற்கு முக்கிய வைத்தியம் ஆபரேஷன், அதை எவ்வளவு சீக்கிரம் செய்கிறார்களோ பிள்ளைக்கு அவ்வளவு நல்லது.

டிப்ஸ் 5: மெடிக்கலில் கேட்டுச் சொட்டு வாங்காதே

இதை நம்ம கடற்கரைக்காரர்களுக்கு அழுத்தியே சொல்ல வேண்டும். உப்பளத்தில் பாத்தியும் அம்பாரமும் வெயிலைத் திருப்பி அடிக்கிற வெளிச்சம், கடல் காற்று, தூசி. இவ்வளவுக்கும் நடுவில் வேலை பார்த்தால் கண் சிவக்காமல் என்ன செய்யும்? நேரே மெடிக்கலுக்குப் போய், "கண்ணு செவந்திருக்கு, ஒரு சொட்டு குடுங்க" என்று வாங்குகிறார்கள். விட்டதும் சிவப்புப் போய்விடும். அதனால் அதே புட்டியை மறுபடி மறுபடி வாங்குகிறார்கள்.

அப்படிச் சட்டென்று கேட்கிற சொட்டுகளில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். டாக்டர் கணக்குப் பார்த்துச் சில நாள் கொடுத்தால் அது நல்ல மருந்து. நாமாக மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும், புரையையும் சீக்கிரம் கொண்டுவரும். இளவயதுக்காரர்களுக்கும் இப்படிக் கிளாக்கோமா வந்து பார்வை போயிருக்கிறது.

புட்டியில் மருந்தின் பெயரைப் பார். டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், ப்ரெட்னிசலோன் என்று "சோன்", "லோன்" என முடிந்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டுதான். மெட்ராஸ் ஐ வந்தபோது வாங்கிய மிச்சப் புட்டி அலமாரியில் இருந்தால் இன்றைக்கே தூக்கிப் போடு. தோலுக்குப் பூசுகிற ஸ்டீராய்டு களிம்பைக் கண்ணுக்குப் பக்கத்தில் தேய்க்காதே. ஆஸ்துமா, மூட்டுவலி, தோல் வியாதிக்கு டாக்டர் ஸ்டீராய்டு எழுதியிருந்தால் நீயாக நிறுத்தவும் கூடாது. அதைக் கண் டாக்டரிடம் சொல்லி அழுத்தம் பார்த்துக்கொள்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதுவும் கண்ணுக்குள் வேண்டாம். கிளாக்கோமாவுக்கு அவை கேட்காது, கிருமி உள்ளே போக வழி மட்டும் ஆகும். அளத்துக்குப் போகிறவர்களுக்குக் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் வாங்கிக் கொடு, அதனால் சதை வளர்ச்சியும் குறையும். கண்ணில் எப்போதாவது பலமாக அடிபட்டிருந்தால், பந்து பட்டது, கம்பு குத்தியது, கயிறு அறுந்து அடித்தது எதுவானாலும், வருஷம் கழித்தும் அழுத்தம் ஏறலாம். அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்.

டிப்ஸ் 6: இவற்றைக் கண்டால் கவனி, இவற்றைக் கண்டால் ஓடு

கவனிக்க வேண்டியவை: கதவு நிலையிலும் கட்டில் காலிலும் அடிக்கடி இடித்துக்கொள்வது. படி இறங்கும்போது தடவுவது. பக்கத்தில் வந்தவரைத் திடீரென்று பார்த்த மாதிரி திடுக்கிடுவது. இருட்டிய பிறகு வெளியே வரத் தயங்குவது. இவை வயதால் வருகிற தள்ளாட்டமாகவும் இருக்கலாம், கண்ணைக் காட்டிவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

ஓட வேண்டியவை: ஒரு கண்ணில் திடீரென்று தாங்க முடியாத வலி, அதே பக்கம் மண்டை இடி, வாந்தி, கண் சிவந்து பார்வை மங்குவது, விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வட்டம். இது கோணம் ஒரேயடியாக அடைபட்டு அழுத்தம் விர்ரென்று ஏறுகிற வகை. வாந்தியைப் பார்த்துவிட்டுப் பித்தம் என்றும், தலைவலியைப் பார்த்துவிட்டு ஒற்றைத் தலைவலி என்றும் மாத்திரை போட்டுப் படுத்துவிடுகிறார்கள். விடியட்டும் என்று இருக்காதே, அன்றைக்கே, அந்த மணிக்கே கண் மருத்துவமனைக்குப் போ. கோணம் நெருங்கியிருப்பதை முன்கூட்டியே கண்டுபிடித்தால், லேசரால் சின்னத் துளை போட்டு இந்த ஆபத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

டிப்ஸ் 7: வர மாட்டேன் என்கிற பெரியவர்களை எப்படிக் கூட்டிப் போவது

தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடத்தி 1999-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கண்ணில் கோளாறு உள்ள பெரியவர்களில் முகாமுக்குப் போனவர்கள் சுமார் 7 சதவீதம்தான் என்று தெரிந்தது. பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு, வயதானால் இப்படித்தான் என்ற எண்ணம் இவைதான் அவர்கள் சொன்ன காரணங்கள். நம் வீட்டில் கேட்பதும் இதே பாட்டுத்தான். பதிலைக் கையில் வைத்துக்கொள்.

"எனக்கு நல்லாத்தான தெரியுது, வேற சோலி இல்லையா உனக்கு?"
பதில்: "நல்லாத் தெரியும்போதே காட்டுனாத்தான் ஆச்சி பிரயோஜனம். தெரியாமப் போன பொறகு போனா டாக்டர் என்ன செய்வாரு?"

"போனா ஆபரேஷன்னு சொல்லிருவான்."
பதில்: கிளாக்கோமா என்றால் பெரும்பாலும் முதலில் சொட்டு மருந்துதான், சிலருக்கு லேசர். இரண்டும் போதாதபோதுதான் ஆபரேஷன். அது பார்வையைத் திருப்பிக் கொண்டுவர இல்லை, இருக்கிறதைக் காப்பாற்ற.

"புரை நல்லாப் பழுக்கட்டும்."
பதில்: அது பழைய காலத்துப் பேச்சு. மிகவும் முற்றிய புரையே கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். பழுக்கக் காத்திருக்கத் தேவையில்லை.

"யாரு கூட்டிட்டுப் போறது?"
இதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளாதே, மனசில் உள்ள தயக்கமாக எடுத்துக்கொள். நாளைக் குறித்து, "வார செவ்வாக்கிழமை, நான் கூட வாரேன்" என்று சொல். கூட வர ஆள் உண்டு என்று தெரிந்தால் பாதிப் பிடிவாதம் போய்விடும். பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடாவிலும் இருந்தால், லீவில் வருகிற நாட்களில் கோயிலுக்கும் கடைக்கும் ஒரு நாள் ஒதுக்குகிற மாதிரி கண்ணுக்கும் ஒரு நாள் ஒதுக்கட்டும்.

பொம்பளைகளுக்குத் தனியாக ஒன்று. அத்தான் கண்ணைக் காட்டுவோம், பிள்ளை கண்ணைக் காட்டுவோம், நம்ம கண்ணை மட்டும் அடுப்படி வேலை முடிந்த பிறகு பார்ப்போம். கோணம் அடைபடுகிற வகை பெண்களுக்குத்தான் கூடுதலாக வருகிறது. அம்மாவைக் கூட்டிப் போகிற அன்றைக்கே நீயும் மைனியும் சேர்ந்து காட்டிவிடுங்கள், பஸ் செலவும் ஒன்று, காத்திருப்பும் ஒன்று.

டிப்ஸ் 8: சொட்டு மருந்து எழுதிவிட்டால்

சொட்டை விட்டும் பார்வை கூடவில்லையே என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் ஏராளம். பார்வை கூடுவது அந்த மருந்தின் வேலை இல்லை, குறையாமல் நிறுத்துவதுதான் அதன் வேலை. சர்க்கரை மாத்திரையைப் போல இதுவும் அநேகமாக ஆயுசுக்கும் வேண்டும்.

விடுகிற முறை: கையைக் கழுவு. தலையை அண்ணாந்து, கீழ் இமையைக் கொஞ்சம் இழுத்துப் பை மாதிரி ஆக்கு. புட்டி முனை கண்ணில் படாமல் ஒரே ஒரு சொட்டு விடு, இரண்டாவது சொட்டு வெளியேதான் வழியும். கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் இரண்டு நிமிஷம் அமுக்கிக்கொள். மருந்து மூக்குக்கும் உடம்புக்கும் இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். இரண்டு வகை மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிஷம் இடைவெளி விடு. கை நடுங்குகிற பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளை விடட்டும்.

புட்டியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுது. பெரும்பாலானவற்றை ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. சிலதைத் திறக்கும்வரை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், வாங்கும்போதே கேள். இரவுச் சொட்டை இரவு ஜெபத்தோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. பனிமய மாதா திருவிழாவுக்குப் போனாலும், திருச்செந்தூருக்கு நடந்தாலும், உபவாசம் இருந்தாலும் புட்டி கூடவே வரட்டும்.

டிமோலால் என்ற சொட்டு வீசிங் உள்ளவர்களுக்கும் நாடித் துடிப்புக் குறைந்தவர்களுக்கும் ஆகாது. அப்படி இருந்தால் எழுதுகிறபோதே சொல். கண் சிவக்கிறது, எரிகிறது என்றால் நிறுத்திவிடாதே, டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அதையும் வெட்கப்படாமல் சொல். விலை குறைந்த ஜெனரிக் மருந்து எழுதச் சொல்லி, மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கிடைக்கிறதா என்று கேட்டுப் பார்.

எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் போடு. பீல்டு டெஸ்ட் தாளை ஒருபோதும் எறியாதே. போன வருஷத்துத் தாளோடு ஒப்பிட்டால்தான் நோய் நிற்கிறதா, நகர்கிறதா என்று டாக்டருக்குத் தெரியும்.

டிப்ஸ் 9: அன்றாடத்தில் சின்னச் சின்னது

கேரட்டும் கீரையும் உடம்புக்கு நல்லது, சாப்பிடு. ஆனால் அவை கிளாக்கோமாவுக்கு மருந்து ஆகாது. நடைப்பயிற்சி தாராளமாகப் போகலாம். கிளாக்கோமா இருக்கிறவர்கள் தலைகீழாக நிற்கிற சிரசாசனம் செய்ய வேண்டாம், அந்த நேரத்தில் கண் அழுத்தம் கூடும். காலையில் வெறும் வயிற்றில் ஒரே மூச்சில் ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கிற பழக்கமும் வேண்டாம், அதையே கொஞ்சம் கொஞ்சமாகக் குடி. செல்போன் பார்ப்பதாலோ, டிவி பார்ப்பதாலோ கிளாக்கோமா வருவதில்லை. ஆகவே ஆச்சி சீரியலைத் தடுக்காதே.

ஏற்கெனவே பார்வை குறைந்துவிட்டவர்கள் இருந்தால், வீட்டுச் சாமானை இடம் மாற்றாதே, படி ஓரத்தில் பளிச்சென்று வெள்ளை அடி, இரவில் நடைபாதையில் ஒரு விளக்கு எரியட்டும். பைக், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர் என்றால், ஓட்டலாமா என்று டாக்டரிடம் ஒளிக்காமல் கேட்டுக்கொள்ளச் சொல்.

டிப்ஸ் 10: நாலு பேரைச் சேர்த்துக்கொள்

ஒவ்வொரு வருஷமும் மார்ச் மாதத்தில் உலகக் கிளாக்கோமா வாரம் வருகிறது. அந்த வாரத்தில் பல மருத்துவமனைகள் தனியாகப் பரிசோதனை நடத்தும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஓர் அறிவிப்பு, மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் ஒரு பேச்சு, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை என்று சொல்ல நமக்கு இடமா இல்லை? முகாம் நடத்துகிறவர்களிடம், "நாப்பதுக்கு மேல உள்ளவங்களுக்கு அழுத்தமும் நரம்பும் பாருங்க" என்று ஊர் சார்பில் கேள். சிவத்தையாபுரத்திலும் நட்டாத்தியிலும் உள்ள சொந்தக்காரர்களுக்கும் சொல்லிவிடு.

ஆனால் மார்ச் வரட்டும் என்று காத்திருக்காதே தங்கச்சி. கிளாக்கோமாவில் போன பார்வையை எந்த டாக்டராலும் திருப்பித் தர முடியாது. இருக்கிற பார்வையைக் காப்பாற்ற ஒரு பரிசோதனையும் ஒரு சொட்டு மருந்தும் போதும் என்கிற நிலையிலேயே பலரால் போய்ச் சேர முடியும். உன் வயது நாற்பது தாண்டிவிட்டதா? அடுத்த வாரத்தில் ஒரு நாளைக் குறி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வா.